மூணு ஊர்ப் பாம்பு ரயில்

எங்க ஊரில் என்னைக் கண்டவங்க முதல்ல கேக்கிறது, "ஒடம்பு சொகமா?" அடுத்தது, "மூணுல எது ஒசத்தி?" முதல் கேள்விக்கு நின்னவாக்கிலேயே பதில் சொல்லிருவேன். ரெண்டாவதுக்கு, வாங்க, உக்காருங்கன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும். அது நின்னுகிட்டுச் சொல்ற சேதி இல்லை.

மூணுன்னா மூணு பார்க். ராட்டினம், ரயில், படகு, தண்ணிச் சறுக்குன்னு ஒரு ஊரளவுக்கு வளைச்சுக் கட்டி, டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ளே விடுறாங்களே, அந்தப் பார்க். ஒரே கம்பெனிக்காரன் மலேசியாவில் ஒண்ணு, துபாயில் ஒண்ணு, நம்ம ஓசூர்ப் பக்கம் ஒண்ணுன்னு கட்டி வச்சிருக்கான். வாசலில் இருக்கிற இங்கிலீஷ் போர்டை எனக்குப் படிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா வாசலில் நிக்கிற அணிலைத் தெரியும். தலையில் சிவப்புத் தொப்பி, கையில் ஒரு கொட்டை, ஆள் உசரத்தைப் போல ரெண்டு மடங்கு. அந்த அணிலைக் கண்டுட்டா சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கோம்னு அர்த்தம்.

மூணும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. மூக்கும் முழியும் ஒண்ணுதான். ஆனா வாக்கப்பட்ட வீடு வேற வேற. அக்காளையும் தங்கச்சியையும் பக்கத்தில் வச்சு எடை போடக்கூடாதுன்னு எல்லாரும் சொல்வாங்க. கல்யாண வீட்டில் பார்த்தா எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. நானும் செய்யிறேன், வாய்விட்டே செய்யிறேன்.

மூத்தவ மலேசியா. மகளோட தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தேன். மருமகனுக்கு அங்கே பேக்டரியில் வேலை. பிள்ளை பிறந்து, மகள் எந்திரிச்சு நடமாடி, நான் ஊருக்குக் கிளம்புற வாரம் அது. "அத்தை, நீங்க வந்ததிலிருந்து பத்தியச் சமையலும் வெந்நீருமாவே கெடக்கீங்க. ஒரு நாளாவது வெளிய போவோம்"ன்னார் மருமகன். கோயிலுக்குத்தான் கூட்டிப் போறார்னு நினைச்சு, தலைக்குக் குளிச்சு, பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். வாசலில் பார்த்தா அணில்.

அங்கேதான் பாம்பு ரயிலைப் பார்த்தேன். அதுக்கு என்னமோ ஒரு பேர் உண்டு. நான் வச்ச பேர்தான் பாம்பு ரயில். பச்சை ஒடம்பு, மூஞ்சியில் ரெண்டு மஞ்சள் கண்ணு. பனைமர உசரத்துக்கும் மேலே மெல்ல ஏறி, உச்சியில் ஒரு மூச்சு விட்டு, தலைகுப்புற விழும். விழுந்து, பொந்துக்குள் பூந்து, சுத்தி வளைஞ்சு, தண்ணியோரமா உரசிக்கிட்டு வந்து நிக்கும். நான் கீழே நின்னு வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருந்தேன். ஏறும்போது பேயறைஞ்ச மாதிரி போற சனம், எறங்கும்போது சிரிச்சுக்கிட்டு வருது. அப்படி என்னதான் இருக்கு அங்கே?

"மாப்பிள்ளை, நான் இதில் ஏறணும்."

"அத்தை, அது படிக்கிற பிள்ளைங்க ஏறுறது."

வரிசையில் ஒரு சீனத்து அம்மா நின்னுச்சு, தலை பூராவும் பஞ்சு. "அந்த அம்மா எத்தனாப்பு படிக்குதாம்?"னு கேட்டேன். மாப்பிள்ளை முன்னாடி நடந்தார். போய் நின்னோம்.

முன் சீட்டுக்குத் தனி வரிசை இருந்துச்சு. முன் சீட்டில்தான் உக்காருவேன்னுட்டேன். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் நான் முன்வரிசையில் உக்கார்றவதான்.

சின்ன வயசில் நார்த்தாமலைத் திருவிழா ராட்டினத்தில் ஏறினவ நான். ராட்டினம் சுத்தும், திரும்ப அதே இடத்துக்கு வரும், நமக்கும் ஒண்ணும் ஆகாது. இது அப்படியில்லை. உச்சியில் போய் நின்னப்ப ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டம். நல்லா இருக்கேன்னு நினைக்கிறதுக்குள்ளே, என் வயிறு அங்கேயே நிக்குது, நான் மட்டும் கீழே போறேன். இறங்கி வந்தா மாப்பிள்ளை மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. "போதுமா அத்தை?"ன்னார். "எது போதும்? இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு?"ன்னேன். இன்னொரு தடவை போனோம்.

அன்னைக்குப் பிடிச்ச பித்து இது.

நடுவுள்ளவ துபாய். அங்கே என் மகன் ஏ.சி. மாட்டுற வேலையில் இருக்கான். என்னை விசா எடுத்துக் கூப்பிட்டவன், பெரிய கட்டடம், தங்கக் கடைத்தெருன்னு காட்டணும்னு இருந்தான். நான் பிளேன் எறங்கினதும், "இங்கேயும் ஒரு அணில் இருக்காமே?"ன்னு கேட்டேன். மகள் போனில் சொல்லியிருந்தா.

அங்கே வாசலில் கல் அணில் மட்டுமில்லை, அணில் வேஷம் கட்டின ஆள் ஒண்ணு நடமாடிக்கிட்டு வர்றவங்களுக்குக் கை குடுத்துக்கிட்டிருந்துச்சு. அடுப்புக்குள்ளே தலையை விட்ட மாதிரி வெக்கை. அதோட கையைப் பிடிச்சுக்கிட்டு மகன்கிட்ட, "ஏப்பா, இந்த வெயில்ல இதுக்குள்ள நிக்கிறது யாரு பெத்த பிள்ளையோ?"ன்னேன்.

அணிலுக்குள்ளே இருந்து மெல்லமா ஒரு குரல். "அறந்தாங்கி, ஆத்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அட! நாங்க கந்தர்வக்கோட்டைப் பக்கம் அப்பு."

"பேசக்கூடாது ஆத்தா. பேசினா வேலை போயிரும்."

"அப்பப் பேசாத."

கைப்பையில் எங்க கொல்லை முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலம் இருந்துச்சு. அதை அணில் கையில் வச்சேன். அணில் நெஞ்சில் கை வச்சுக் குனிஞ்சு கும்பிட்டுச்சு. சுத்தி நின்ன வெள்ளைக்காரங்களும் அரபுக்காரங்களும் அணிலுக்கு நான் தீனி போடுறதா நினைச்சு ஒரே கைதட்டல்.

பாம்பு ரயிலில் மகன் என்கூட முன் சீட்டில் உக்காந்தான். இருபது மாடிச் சுவரில் தொங்கிக்கிட்டு ஏ.சி. மாட்டுறவன் அவன். எறங்கினதும் குப்பைத்தொட்டியைத் தேடி ஓடினான். திரும்பி வந்து, "அம்மா, இந்தச் சென்மத்துக்கு இது போதும்"னான். இன்னைக்கு வரைக்கும் அந்தச் சொல்லைக் காப்பாத்துறான்.

ரெண்டையும் பார்த்தவ சொல்றேன், கேளுங்க. மூத்தவ வீட்டில் சாயந்தரமானா மழை. இடி இடிச்சா ரயிலை நிப்பாட்டிருவாங்க, ஆனா யாரும் மூஞ்சியைச் சுளிக்கிறதில்லை. மிளகாய் அரைச்சுப் போட்ட மீனும் சோறும் அங்கேயே கிடைக்கும். நடுவுள்ளவ வீட்டில் மழையும் இல்லை, சோறும் இல்லை, ரொட்டிக்கு நடுவில் எதையாவது வச்சுக் குடுப்பாங்க. ஆனா வரிசையில் நிக்கிறவங்க தலைக்கு மேலே குளுகுளுன்னு காத்து விடுவாங்க, அதைக் குறை சொல்ல முடியாது. மூத்தவகிட்ட சேலையைப் பார்த்துட்டுத் திகைச்சுப்போய் ஒரு பெல்ட்டைக் கொண்டாந்து இடுப்பில் கட்டி விட்டாங்க. நடுவுள்ளவகிட்ட ஒரு பேண்ட்டைக் குடுத்துச் சேலைக்கு மேலேயே போட்டுக்கச் சொன்னாங்க. போட்டுக்கிட்டேன். அந்தப் போட்டோ எங்க வீட்டு டி.வி.க்கு மேலேதான் இருக்கு.

ரயிலிலும் வித்தியாசம் உண்டு. ஒரே அச்சில் வார்த்ததுன்னு மகன் சொல்றான், இருக்கலாம். மூத்தவ உச்சியில் நிறுத்தி, நிதானமா சுத்திலும் காட்டிட்டுத்தான் தள்ளுவா. நடுவுள்ளவ நாம பேசிக்கிட்டிருக்கையிலேயே தள்ளிருவா.

இதையெல்லாம் நான் சொன்னா ஊரில் தலையாட்டிக் கேப்பாங்க. மறுத்துப் பேசுற ஆள் ஒருத்தங்கதான். மலேசியா மருமகனைப் பெத்தவங்க, என் சம்பந்தியம்மா. அவங்களுக்குக் குளத்தூர்ப் பக்கம். சம்பந்தின்னாலும் நாங்க ஒருத்தரை ஒருத்தர் மதினின்னுதான் கூப்பிட்டுக்குவோம். ரெண்டாவது பிரசவத்துக்கு அவங்க போய் இருந்தாங்க. அப்ப அந்தப் பார்க்கையும் பார்த்துட்டு வந்தாங்க. வந்ததிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் எங்களுக்குள்ளே இதே பேச்சுத்தான்.

"மதினி, மலேசியாவை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"நீங்க எதுல ஏறினீங்க மதினி?"

"படகுல."

"பாம்பு ரயில்ல?"

"அதைக் கீழ நின்னு நல்லாப் பார்த்தேனே."

"பந்தியில உக்காராதவுக சாம்பாரைப் பத்திப் பேசப்படாது மதினி."

"எலையைப் பார்த்தாலே தெரியாதாக்கும், சமையல் எப்பிடின்னு?"

இப்படியே போய்க்கிட்டிருந்தப்பத்தான் மூணாவது பிள்ளை பிறந்த சேதி வந்துச்சு. மகன் துபாயிலிருந்து போன் பண்ணினான். "அம்மா, அதே அணில், அதே ரயில், நம்ம ஓசூர்கிட்டயே திறந்திருக்காங்க." எனக்குக் கால் தரையில் நிக்கலைன்னு சொல்ல ஆசைதான். ஆனா அந்தச் சமயத்தில் என் வலது கால் தரையில் நிக்கவே நிக்கலை. முட்டி தேய்ஞ்சு, வீங்கி, ராத்திரியில் அழவச்சுக்கிட்டிருந்துச்சு. தஞ்சாவூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துட்டு, முட்டியை மாத்தித்தான் ஆகணும்னார். தை முடிஞ்சு நாள் குறிச்சுக் குடுத்தார்.

"மாத்தினதுக்கு அப்புறம் ரயில் ஏறலாமா டாக்டர்?"

"தாராளமா. காசிக்கே போகலாம்."

"அந்த ரயில் இல்லை." கையை மேலே ஏத்தி, சட்டுன்னு குப்புறக் கவுத்துக் காட்டினேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. "அம்மா! புது முட்டியை வச்சுக்கிட்டு அதெல்லாம் ஆகாது. பஸ்ஸில் ஏறி எறங்கினாப் போதும்."

"அப்ப மாத்துறதுக்கு முந்தி?"

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா? உங்களால அங்கே ஏறவே முடியாதும்மா"ன்னு சிரிச்சார்.

கூடாதுன்னு சொல்லலை. முடியாதுன்னுதான் சொன்னார். ரெண்டும் வேற.

தைக்குள்ளே ஏறினா ஏறினதுதான். விட்டா எப்பவும் இல்லை. ரெண்டு மகள் வீட்டில் விருந்து சாப்பிட்டுட்டு மூணாவது மகள் வீட்டு வாசப்படியை மிதிக்காம இருந்தா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? பொங்கலுக்கு லீவில் வந்த மகனைப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லிச் சொல்லி அவனைச் சம்மதிக்க வச்சேன். எப்படியோ சேதி குளத்தூருக்கும் போயிருச்சு. கிளம்புற அன்னைக்கு மதினி கூடையோட வந்து நிக்கிறாங்க. "எடை போட்டுப் பார்க்க ரெண்டு கண்ணு பத்தாது மதினி, நாலு வேணும்."

கார் முன்சீட்டில் காலை நீட்டிக்கிட்டு நான், பின்னாடி புளிச்சோத்துக் கூடையோட அவங்க. வழிநெடுக எங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு மகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கிட்டே வந்தான்.

இளையவ வீட்டு வாசலுக்குப் போனதுமே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதே அணில்தான். ஆனா நெத்தியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் காய்ஞ்ச சாமந்தி மாலை. பூஜை போட்ட புதுசு மாறலை. உள்ளே சோறு கொண்டுபோகக் கூடாதுங்கிறது மட்டும் மூணு வீட்டிலும் ஒரே சட்டம். கார் நிழலில் உக்காந்து புளிச்சோத்தை முடிச்சுட்டுத்தான் உள்ளே போனோம். மரமெல்லாம் இடுப்பளவு கன்னுதான், நிழல் கிடையாது. ஆனா வரிசையைப் பாருங்க. மூத்தவகிட்ட வரிசை அமைதியா நிக்கும். நடுவுள்ளவகிட்ட ஒருத்தர் மேல ஒருத்தர் படாம நிக்கும். இங்கே டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னாடி நின்ன தருமபுரிக்காரம்மா, அவங்க ரெண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையை முடிக்கிறதுக்குள்ளே வரிசை நகந்துருச்சேன்னு வருத்தப்பட்டாங்க.

பாம்பு ரயிலடிக்கு வந்ததும்தான் என் மூஞ்சி வாடுச்சு. ரயில் ஏறுற மேடை உசரத்தில் இருக்கும். மூத்தவகிட்ட அதுக்கு லிஃப்ட் உண்டு. நடுவுள்ளவகிட்ட தானா நகர்ற படி உண்டு. இங்கே லிஃப்ட்டை இன்னும் கட்டிக்கிட்டிருந்தாங்க. வெறும் இரும்புப்படிதான், வளைஞ்சு வளைஞ்சு மேலே போகுது.

"பார்த்தாச்சுல்லம்மா, படகுக்குப் போவோம்"னான் மகன்.

"நீ போடா படகுக்கு."

ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் மதினி தோளையும் பிடிச்சுக்கிட்டு ஏறினேன். திருப்பத்துக்குத் திருப்பம் உக்காந்தேன். பின்னாடி வந்தவங்களை எல்லாம், போங்க சாமி போங்கன்னு முன்னாடி விட்டேன். முட்டிக்குள்ளே யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு. மதினி கீழே பார்க்காம, படியையே பார்த்துக்கிட்டு ஏறினாங்க.

மேலே போனா, வாசலில் நின்ன பொண்ணு என்னைப் பார்த்துட்டு, "ஆத்தா, இந்தக் காலோட உங்களைத் தனியா ஏத்தக்கூடாது. கூட ஒருத்தர் உக்காரணும்"னுச்சு.

மகன் கீழேதான் நிக்கிறான். அவன் சொன்ன சொல்லை மீறமாட்டான். நான் திரும்பி மதினியைப் பார்க்கலை. அவங்களுக்கு ஊர்க்கிணத்தை எட்டிப் பார்த்தாலே தலை சுத்தும், அது எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் ஏறி வந்து, ரயில் கைக்கெட்டுற தூரத்தில் நிக்குது. சரிம்மான்னு சொல்லிட்டுத் திரும்பினேன்.

மதினி என் மூஞ்சியைப் பார்த்தாங்க. அப்புறம் என் முட்டியைப் பார்த்தாங்க. "இவ்வளவு தூரம் என் தோளை ஒடிச்சுட்டு எங்கிட்டுத் திரும்புறீங்க? நான் உக்கார்றேன். ஆனா கண்ணைத் திறக்க மாட்டேன், அதுக்கு மட்டும் என்னை வற்புறுத்தப்படாது"ன்னாங்க.

அந்தப் பொண்ணே எங்க ரெண்டு பேர் முந்தானையையும் இழுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகி விட்டுச்சு. பெல்ட்டும் இல்லை, பேண்ட்டும் இல்லை. ரயில் வந்துச்சு. முன் சீட்டில் நான் முதல்ல ஏறி நகந்து உக்காந்தேன். மதினி குனிஞ்சு என்னமோ செஞ்சாங்க, செருப்பைச் சரி பண்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஏறி உக்காந்து என் கையைப் பிடிச்சாங்க. கம்பி வந்து தோளில் இறங்கி 'டக்'குன்னு பூட்டிக்கிச்சு. நான் குலசாமியை நினைச்சுக்கிட்டேன்.

மணி அடிச்சுச்சு. ரயில் நகரலை. சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. கம்பியெல்லாம் மேலே போய், எல்லாரையும் எறங்கச் சொன்னாங்க. ஒரு சூப்பர்வைசர் ஓடி வந்தார், முறுக்குமீசை. மேடைக்கும் ரயிலுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நீளமா ஒரு இடுக்கியை விட்டு, எதையோ எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிச்சார்.

எலுமிச்சம்பழம்.

"யார் வச்சது இது?"

மதினி கொஞ்சமும் தயங்கலை. "நான்தான் தம்பி. சக்கரத்தில் வச்சேன்."

"எதுக்கும்மா?"

"இதென்ன கேள்வி? புது வண்டியில மொத மொதல்ல ஏறுறோம். சைக்கிள் வாங்கினாலே வைக்கிறோம். இது எத்தாம் பெரிய வண்டி!"

சூப்பர்வைசர் சிரிக்கலை. கேமரா இருக்குன்னும், தண்டவாளத்தில் ஒரு கூழாங்கல் விழுந்தாலும் வண்டி நகராதுன்னும் சொன்னார். தண்டவாளத்தில் எதையாவது போட்டவங்களைப் பார்க்கைவிட்டு வெளியே அனுப்பணும்கிறது சட்டமாம். "ரெண்டு பேரும் கீழே இறங்குங்கம்மா"ன்னார்.

மதினி மூஞ்சியில் ரத்தம் இல்லை. "என்னை அனுப்புங்க தம்பி. இவுக வேணாம். இவுக தை முடிஞ்சா முட்டியை மாத்தப் போறாக, அப்புறம் இதில ஏற முடியாது. நான் போயிர்றேன், இவுகளை மட்டும் ஏத்திவிடுங்க."

இத்தனை வருஷத்தில் அவங்க எனக்காகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனா கூட ஆள் இல்லாம என்னையும்தான் ஏத்தமாட்டாங்களே. நான் சுத்துமுத்தும் பார்த்தேன். சூப்பர்வைசர் நிக்கிற கண்ணாடிக் கூண்டு வாசலில், கயித்தில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்குது. ரயிலோட மஞ்சள் கண்ணுக்கு மேலே குங்குமப் பொட்டு.

"இங்க பாருங்க. மலேசியாவில் இந்த ரயில் இருக்கு, துபாயிலும் இருக்கு, நான் ரெண்டிலும் ஏறினவ. அங்கேயெல்லாம் இதுக்குப் பொட்டு வச்சு, மிளகாய் கட்டி, கண்ணு கழிக்க நாதி கிடையாது. நீங்க ஒருத்தர்தான் இதைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க. நீங்க கட்டினது பக்தி, என் மதினி வச்சது குத்தமா?"

அவர் தலையைத் தூக்கிக் கயித்தைப் பார்த்தார், கையில் இருந்த பழத்தைப் பார்த்தார். மீசை துடிச்சுச்சு. "ஆத்தா, நாங்க மேல கட்டுறோம். நீங்க அடியில வைக்கிறீங்க. அதுதான் வித்தியாசம்."

மேடையில் நின்ன சனமெல்லாம் சிரிச்சுருச்சு. அங்கேயும் வந்திருந்த தருமபுரிக்காரம்மா, "ஏறட்டும் விடுங்க சார், அவங்களால நாங்களும்தான் நிக்கிறோம்"னாங்க. சூப்பர்வைசர் யாரும் இல்லாத ரயிலை ஒரு சுத்து விட்டுப் பார்த்தார். அது போய்ப் பத்திரமா வந்து நின்னுச்சு. மதினிகிட்டத் திரும்பி, "மடியில் வேற ஏதாவது இருக்கா?"ன்னார்.

மதினி இடுப்பிலிருந்து ஒவ்வொண்ணா எடுத்து அவர் கையில் வச்சாங்க. இன்னும் மூணு எலுமிச்சம்பழம். ஒரு கட்டி சூடம். "நாலு சக்கரத்துக்கு நாலுன்னு கொண்டாந்தேன்."

"இதுக்கு அறுபது சக்கரத்துக்கு மேல இருக்கும்மா."

"அப்ப மூட்டையில்ல கொண்டாந்திருக்கணும்!"

முன் சீட்டிலேயே எங்களை உக்கார வச்சார். கம்பியை அவரே இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை ரயில் நகந்துச்சு.

ஏறும்போது 'கடகட'ன்னு சத்தம். மூத்தவகிட்டயும் நடுவுள்ளவகிட்டயும் இந்தச் சத்தம் கேட்டதா நினைவில்லை, எண்ணெய் நல்லாப் போட்டிருப்பாங்க. எனக்கு இந்தச் சத்தம் பிடிச்சிருந்துச்சு. எங்கே இருக்கோம்னு தெரியுதில்ல. யூக்கலிப்டஸ் வாசத்தோட காத்து வந்துச்சு. உச்சியில் ஒரு ஏரி, பாதித் தண்ணி, கரையில் வெள்ளாடு மேயுது. ஆடு மேய்க்கிற அம்மா நெத்தியில் கை வச்சு எங்களையே பார்க்குது. கடலையும் பார்த்தேன், பாலைவனத்தையும் பார்த்தேன், அங்கிருந்தெல்லாம் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கலை. இந்த அம்மா கையைத் தூக்கி ஆட்டுச்சு. நானும் பதிலுக்கு ஆட்டப் போனேன். அதுக்குள்ளே தள்ளிவிட்டுட்டா இளையவ.

பக்கத்தில் மதினி அவங்களுக்குத் தெரிஞ்ச சாமி பேரையெல்லாம் கூப்பிட்டு முடிச்சாங்க. பொந்துக்குள்ளே போனப்ப எங்க ஊர்ச் சாமிங்களையும் ஆரம்பிச்சாங்க. வெளியே வந்து வளைஞ்சப்ப சத்தத்தைக் காணோமேன்னு திரும்பிப் பார்த்தேன். கண்ணை அகலத் திறந்து வச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய, பத்து வயசுப் பிள்ளை மாதிரி உக்காந்திருக்காங்க.

எறங்கி, படியில் பின்பக்கமாத் திரும்பி ஒவ்வொரு காலா வச்சுக் கீழே வந்து சேர்ந்தேன். பெஞ்சில் உக்காந்ததும் மகன் முட்டியில் தைலம் தேய்ச்சு விட்டான். "என்னம்மா, மூணும் முடிஞ்சுதா?"ன்னான். முடிஞ்சுதுடான்னேன். மனசு நிறைஞ்சு இருந்துச்சு. மூத்தவ நிதானம், நடுவுள்ளவ வேகம், இளையவ பாசம். ஊருக்குப் போய் எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ளே கோத்துக்கிட்டிருந்தேன்.

"மதினி, இந்தக் கூடையைக் கொஞ்சம் பிடிங்க"ன்னு என் மடியில் கூடையை வச்சாங்க மதினி. "எங்க போறீங்க?"ன்னு கேக்கிறதுக்குள்ளே படியில் பாதி தூரம் ஏறிட்டாங்க.

கொஞ்ச நேரத்தில் பச்சைப் பாம்பு தலைக்கு மேலே பறந்துச்சு. அதில் மதினியோட ஆரஞ்சுச் சேலை எங்கேன்னு நான் முன் சீட்டில் தேடுறேன், காணோம். வாலில் பறக்குது.

திரும்பி வந்தப்ப கொண்டை அவுந்து தொங்குது. மூச்சு வாங்குது. "முன்சீட்டுல இடம் இல்லைன்னு கடைசிப் பெட்டியில ஏத்திவிட்டாக மதினி. ஆத்தாடி! முன்சீட்டெல்லாம் சும்மா."

"என்ன சும்மா?"

"முன்னாடி இருக்கிறவுக அவுகளா விழுறாக. பின்னாடி இருக்கிறவுகளை முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயில்ல தள்ளுது! அந்த உச்சியில சீட்டை விட்டு ஒரு சாண் தூக்கிருச்சு. கம்பி இல்லைன்னா நான் ஏரிக்கரையில ஆட்டோட ஆடா நிப்பேன்."

மூணு நாடு, மூணு ரயில், அத்தனையிலும் முன்சீட்டு. நான் இத்தனை வருஷமா எடை போட்டதெல்லாம் ரயிலோட தலையைத்தான். வாலுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது. மேலே ஏறாதவங்கன்னு நான் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச மதினி, ஒரே நாளில் தலையும் வாலும் பார்த்துட்டு வந்து நிக்கிறாங்க.

மகன் என் மூஞ்சியைப் படிச்சுட்டான். "அம்மா, வேண்டாம். மலேசியாவுக்கும் துபாய்க்கும் போய் இனிமே பின்சீட்டில் உக்காரவா முடியும்? விட்டுரு."

"அங்க முடியாது. இங்க முடியும்."

"முட்டிம்மா!"

"மாத்தப்போற முட்டிதானேடா. இதை மிச்சம் பிடிச்சு யாருக்குச் சீர் குடுக்கப் போறேன்?"

கூடையை அவன் கையில் குடுத்துட்டு எந்திரிச்சேன். மதினி கொண்டையை முடிஞ்சு, முந்தானையைச் சொருகிக்கிட்டு, கேக்காமலே பக்கத்தில் வந்து தோளைக் குடுத்தாங்க. இந்தத் தடவை திருப்பத்துக்குத் திருப்பம் இல்லை, நாலு படிக்கு ஒருதரம் உக்காந்தேன். வெளிச்சம் சாயுற நேரத்துக்குத்தான் மேலே போய்ச் சேர்ந்தோம். அந்தப் பொண்ணு எங்களைப் பார்த்ததும் முன்சீட்டுக் கதவைத் திறக்கப் போச்சு.

"அங்கிட்டு வேணாம் தாயி"ன்னேன். "கடைசிப் பெட்டி."